குளம் கிளம்பியது

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் வழக்கம் போல மிதந்தேன். இரண்டு காதும் தண்ணீருக்குள் போய்விட்டால் உலகம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பம்ப் ஓடும் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்கும். மேலே, பூச்சி வராமல் குளத்தை மூடியிருக்கும் வலைக்கூண்டு, அதற்கு மேலே மேகம். இன்று வலையின் மேல் ஒரு பல்லி நடந்து போனது, அதன் வயிறு மட்டும் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நான் எங்கே முடிகிறேன், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும். அதற்காகத்தான் இறங்குவதே. எனக்கு நீச்சல் வராது. ஃப்ளோரிடாவில் இருபத்திரண்டு வருடம், வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக சிமெண்ட் நீச்சல்குளம், நீச்சல் தெரியாது. பக்கத்து வீட்டு மிட்ஸி இதைச் சொல்லிச் சிரிக்காத வாரம் கிடையாது.

ஹார்லன் கரையில் வந்து நின்று வாயசைத்தான். தலையைத் தூக்கினேன்.

"வீடு பாக்க வராங்க. மிச்சிகன்காரங்க. நாம கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வந்துரலாம்."

என் கணவன் 'நாம' என்றால் அவன் என்று அர்த்தம். ஓஹாயோவில் அவன் அண்ணன் டெல்பர்ட்டுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. மனைவி இறந்துவிட்டாள், பக்கத்தில் யாரும் இல்லை. "நாம அங்கயே வந்துடறோம்" என்று மார்ச் மாதம் ஹார்லன் அவரிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கே அப்படித்தான் தெரிய வந்தது. வீட்டை விற்றுவிட்டு ஜூன் முதல் வாரம் கிளம்புகிறோம் என்பது இப்போது தெருவுக்கே தெரியும்.

எனக்குப் போக விருப்பமில்லை. இங்கே எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஊமை கண்ட கனவாக உள்ளேயே கிடக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

மிச்சிகன்காரர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அந்தப் பெண் என் சமையலறை சிங்க் முன்னால் நின்று, "இங்கேருந்தே தண்ணி தெரியுதே" என்றாளாம். தெரியும். எனக்குத் தெரியாதா.

மே 3, சனி

குளத்தின் தரையில் கறை இருக்கிறது, பூச்சு பழசாகிவிட்டது, புதிதாகப் பூசித் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆள் வைக்கலாம் என்றேன். ஹார்லன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருடம் தொலைபேசிக் கம்பம் ஏறினவனுக்குத் தரை பூச ஆள் எதற்கு? தண்ணீரை இறைத்துவிட்டுத் தானே பூசப் போகிறான்.

வேலிக்கு அந்தப்பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மிட்ஸிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"மழை வர்ற நேரத்துல எறைக்கறியா ஹார்லன்? எங்க அக்கா வீட்டுக் குளம் கெளம்பிருச்சு, ஞாபகம் இருக்கா?"

"கெளம்பி எங்க போச்சு? ஜார்ஜியாவுக்கா?"

"சிரி சிரி. இங்க ரெண்டு அடி தோண்டினா தண்ணி. தண்ணி இருக்கற வரைக்கும் குளம் கனமா உக்காந்திருக்கும். காலி பண்ணிட்டா அது வெறும் படகு. கீழ தண்ணி ஏறுச்சுன்னா மேல வந்துரும். அடியில ஒரு மூடி இருக்குல்ல, அதையாவது கழட்டி விடு."

"கழட்டினா மண்ணுக்குள்ள இருக்கற தண்ணி உள்ள வரும். ஈரத்துல நாம எப்படிப் பூசறது?"

"ஓஹாயோ மூளை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "அங்க மண்ணு இருக்கு. இங்க கடல் மேல கம்பளம் போட்டு வெச்சிருக்கு, அவ்வளவுதான்."

இந்தப் பக்கத்தில் எல்லோரும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளம் கிளம்பிவிட்டது, இன்னார் வீட்டுக் குளம் கிளம்பிவிட்டது. கண்ணால் பார்த்தவர்களை மட்டும் தேட வேண்டும். நானும் இன்று சாப்பாட்டின்போது ஒரு தரம் சொன்னேன். "மழைக்கு இன்னும் நாள் இருக்கு" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மே 5, திங்கள்

காலையில் வாடகைக்கு எடுத்த மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்கினான். குழாய் புல்வெளி வழியாகத் தெரு வடிகாலுக்குப் போகிறது. ஜோடிப் பூச்சி சீசன். ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டே பறக்கும், ஒன்று முன்னால் போகும், இன்னொன்று பின்பக்கமாக இழுபடும். என் கை மேல் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. இழுபடுவது எது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தால் ஒரு படி கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நீலம் குறையக் குறையத் தரையின் சாம்பல் நிறம் மேலே வந்தது. சமையலறைக் கூரையில் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் வெளிச்சம் மதியத்துக்கு மேல் நின்றுவிட்டது. அது குளத்திலிருந்து போனது என்று இத்தனை வருடம் எனக்குத் தோன்றவே இல்லை. கூரைக்கே சொந்தமான வெளிச்சம் என்று இருந்தேன்.

குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் ஒட்டியபடி ஸ்பா இருக்கிறது. வட்டமான வெந்நீர்த் தொட்டி, குளத்தை விட முழங்கால் உயரம் மேலே. அது நிரம்பி வழிந்து குளத்தில் விழும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே பம்ப்.

"ஸ்பாவ விட்டுடேன்" என்றேன்.

"எதுக்கு?"

"என் இடுப்புக்கு."

இடுப்பு வலி உண்டுதான். ஆனாலும் அதற்காகக் கேட்கவில்லை. ஏதோ கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று இருந்தது. முனகிக்கொண்டே வால்வைத் திருப்பி ஸ்பாவைத் தனியாகப் பிரித்துவிட்டான். இனி அது மட்டும் தனக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

மே 6, செவ்வாய்

குளத்தின் தரையில் நடந்தேன்.

ஹார்லன் மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி எழுந்து போனதும், செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினேன். தரை மெல்லச் சரிந்து ஆழத்துக்குப் போகிறது. என் கால் ஒரு நாளும் தொட்டிராத இடம். தலைக்கு மேலே நான் தினமும் மிதக்கும் இடம் இருந்தது, அங்கே இப்போது காற்று. அண்ணாந்து பார்த்தபோது, அங்கே யாரோ மல்லாந்து கிடப்பது போலவும் அவள் முதுகை நான் பார்ப்பது போலவும் இருந்தது. பயமாக இல்லை. அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் தோன்றியது.

ஆழத்தில் மல்லாந்து படுத்தேன். தரை வெதுவெதுப்பாக இருந்தது. தெருவில் போன கார், நாய், மிட்ஸியின் வானொலி எல்லாமே மேலே எங்கோ. கொஞ்சம் தூங்கிவிட்டேன் போல. எழுந்து உட்கார்ந்ததும், எனக்கே தெரியாமல், "நான் வரல" என்றேன். சுவர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்லின. நன்றாக இருந்தது. இன்னொரு தரம், சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.

சொல்வது இவ்வளவு சுலபமா? மனிதர் எதிரில் இல்லாவிட்டால் எல்லாம் சுலபம்.

மே 8, வியாழன்

தரையைத் தேய்த்துக் கழுவிக் காயப்போட்டிருக்கிறான். சனிக்கிழமை பூசப் போகிறானாம். டி.வி. வானிலைப் படத்தில் வளைகுடாவின் மேல் பெரிய பச்சை மழைத் திட்டு, நடுவில் சிவப்பு. பார்த்தேன். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், அவனும் பார்த்தான். மூடியைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

மே 9, வெள்ளி

மழை. அப்படி ஒரு மழை.

மே 10, சனி

குளம் கிளம்பிவிட்டது.

மதியம் சிங்க் முன்னால் நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய மர அலமாரியை யாரோ நிதானமாகத் தள்ளுவது போல ஒரு சத்தம். ஹார்லன் அடுத்த அறையில் இருந்தான். "என்ன தள்ற?" என்றேன். "நீ என்ன தள்ற?" என்றான். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வந்தோம்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. குளத்தின் ஆழப்பக்க விளிம்பு மேலே வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிற ஆள் போல. சுற்றிலும் பதித்திருந்த கற்கள் ஒவ்வொன்றாக டக் டக் என்று விட்டன. வலைக்கூண்டின் கம்பி ஒன்று வளைந்து, வளைந்து, பிடுங்கிக்கொண்டது. விளிம்புக்குக் கீழே, இத்தனை வருடம் மண்ணுக்குள் இருந்த சிமெண்ட் சுவர் ஈரமாக, கறுப்பாக, வேர்கள் ஒட்டியபடி வெளியே தெரிந்தது. ஸ்பா இருந்த பக்கம் மட்டும் அசையவில்லை. அதற்குள் இருந்த தண்ணீர் கனத்தில் அது அங்கேயே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, மிச்சக் குளம் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

ஹார்லன் மழைக்குள் ஓடினான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். வேறு என்ன செய்ய முடியும், கையால் அழுத்தவா?

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அழகாக இருந்தது. இதை அவனிடம் சொல்ல முடியாது, இங்கேதான் சொல்ல முடியும். நாம் கிளம்புகிறோம் நாம் கிளம்புகிறோம் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான், அது முந்திக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, தட்டைக் கழுவி முடித்தேன்.

இனி யார் வாங்குவார்கள் இந்த வீட்டை? யாரும் வாங்க மாட்டார்கள்.

மே 11, ஞாயிறு

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மிட்ஸி எலுமிச்சைப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள், துக்க வீட்டுக்கு வருவது போல.

"கிணறு வெட்டப் பூதம் பொறப்பட்ட கதைதான்" என்றாள். "நான் ஒண்ணும் சொல்லல ஹார்லன். சொன்னேன்லன்னு சொல்லவே மாட்டேன்."

"சொல்லிட்ட" என்றான்.

சாயங்காலம் கடைசியில் குளத்துக்குள் இறங்கி அந்த மூடியைக் கழற்றினான். தண்ணீர் முழங்கால் உயரத்துக்குப் பீய்ச்சியடித்து அவன் சட்டையை நனைத்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றான். பாவமாக இருந்தது.

மே 12, திங்கள்

யாரும் குழாயைத் திறக்கவில்லை. மூடி இருந்த துளை வழியாக மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரே குளத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. வெளிறின தேநீர் நிறம். இந்தத் தண்ணீரின் மேல்தான் இத்தனை நாள் படுத்துத் தூங்கினோமா?

மே 15, வியாழன்

வீட்டுத் தரகர் அழைத்தாள். மிச்சிகன்காரர்கள் இன்னும் வாங்கத் தயாராம். விலையைக் குறைத்துக்கொண்டால் போதும். உடைந்த குளத்தில் மண்ணைக் கொட்டி மூடித் தோட்டம் போட்டுக்கொள்வார்களாம்.

ஹார்லன் ஃபோனை வைத்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "கவலைய விடு. நாம கெளம்பிரலாம்."

குளம் எனக்காகப் பேசிவிட்டது என்று நினைத்தேன். முட்டாள். குளம் யாருக்காகவும் பேசாது.

மே 16, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவன் ஸ்பாவில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்துக் குழாய்கள் உடையவில்லை, வெந்நீர் வருகிறது. குளம் சாய்ந்ததில் ஸ்பாவும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கழுத்து வரை தண்ணீர், மறு பக்கம் நெஞ்சு வரைதான். நான் நெஞ்சுப் பக்கம் உட்கார்ந்தேன். எதிரே குளத்தின் விளிம்பு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்க, ஏதோ ஒரு படகின் பின்பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. கால்வாய்ப் பக்கமிருந்து கொக்குகள் பறந்து போயின. இப்போது சொல்லாவிட்டால் ஓஹாயோவில் போய் இறங்கிவிடுவேன் என்று தெரிந்தது.

"ஹார்லன், நான் வரல."

அவன் திரும்பவில்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்குக் குழிக்குள்ள நின்னு சொன்னியே. நான் எங்க போனேன், இங்க செவுத்துப் பக்கம் மோட்டார் குழாயச் சுத்திட்டு இருந்தேன். ரெண்டு தரம் சொன்ன."

"கேட்டுட்டா சும்மா இருந்த?"

"எங்கிட்ட சொல்லுவன்னு இருந்தேன். நீ தரைகிட்டப் போய்ச் சொன்னா நான் என்ன பண்றது?"

எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா. கேட்டிருக்கான். கேட்டுட்டு, நிம்மதியா தரையத் தேய்ச்சிருக்கான், பெயிண்ட் வாங்கிட்டு வந்திருக்கான், நேத்து சிரிச்சுட்டே வந்து 'நாம கெளம்பிரலாம்'ங்கறான். நான் பேசாம இருந்தது தப்புன்னா அவன் கேட்காத மாதிரி இருந்தது என்ன?

இதையெல்லாம் அவனிடமும் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மிட்ஸி வீட்டு வானொலி நின்றுவிட்டது.

அவன் முகத்தைத் தண்ணீரால் கழுவிக்கொண்டான். "டெல்பர்ட்டுக்கு யாரு இருக்கா லோர்னா? நேத்து அடுப்புல பால வெச்சுட்டு எங்க வெச்சோம்னு தடவித் தேடியிருக்கான்."

"அவருக்கு நீ வேணும். நீ போ. போகாதன்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஆனா நாம போகல. நீ போற."

"அப்ப நம்ம கதி?"

"தெரியல" என்றேன்.

ஆறுதலுக்கு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து போகும்போது, வழுக்கும் என்று கை கொடுத்தான். பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

மே 19, திங்கள்

பேச்சு இல்லை. காப்பி மட்டும் இரண்டு பேருக்கும் போடுகிறான்.

மே 24, சனி

கையெழுத்துக்குக் காகிதங்கள் வந்து சாப்பாட்டு மேஜையில் கிடந்தன. நான் தொடவில்லை. அவனும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு தரகரை அழைத்தான். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா, விக்கல... வெலை இல்ல... இல்ல, கொளத்தாலயும் இல்ல. லோர்னா இங்க இருக்கா. ஆமா. நான்தான் போறேன்."

நான்தான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பேன். கேட்டதும், மடித்து வைத்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன்.

வெளியே வந்து, "இந்தத் தெருவுல பாதிப் பேரு குளிருக்கு வந்துட்டு வெயிலுக்கு வடக்கே போறவங்கதானே. நானும் அப்படித்தான்னு வெச்சுக்க" என்றான்.

"குளிருக்கு வருவியா?"

"குளிர் வரட்டும், பாக்கலாம்."

ஜூன் 4, புதன்

போய்விட்டான். வண்டியில் தூண்டில்கள், கருவிப் பெட்டி, நல்ல வாணலி. வாசலில் என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "ஸ்பா ஃபில்டரை வாரம் ஒரு தரம் கழுவு" என்றான். அலமாரியைத் திறந்து பார்த்தேன். குளிர்கோட்டு இரண்டையும் எடுத்துப் போயிருக்கிறான். குளிருக்கு இங்கே வருகிறவனுக்கு அது எதற்கு?

ஜூலை 13, ஞாயிறு

ஆழப்பக்கத்தில் மிதக்கிறேன். மிட்ஸியிடம் தண்ணீரைத் தெளிய வைக்கும் மருந்து வாங்கிப் போட்டேன், கண்டபடி திட்டிக்கொண்டே கொடுத்தாள். ஸ்பா பம்பை நிறுத்திவிட்டு இறங்குவதால் இப்போது பம்ப் சத்தம் இல்லை. காதைத் தண்ணீரில் வைத்தால், கீழே, மண்ணுக்குள், மிக மெல்லிய ஒரு சத்தம் கேட்கிறது. மழை பெய்தால் அந்த மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் என்னையும் சேர்த்து உயர்த்துகிறது. மழை விட்டால் இறக்கிவிடுகிறது. பெரிய ஏதோ ஒன்று நிதானமாக மூச்சு விடுகிறது, நான் அதன் வயிற்றின் மேல் கிடக்கிறேன்.

ஃபோனில் ஹார்லன், அண்ணனுக்குச் சமையல் செய்து போடுகிறானாம். "உப்பே இல்ல" என்று பின்னால் டெல்பர்ட்டின் குரல். "கண்ணுதான் போச்சுன்னு பாத்தா நாக்கு நல்லா இருக்கு" என்றான் ஹார்லன். இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

குளிரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடுவான். கேட்டு வரவழைத்தால் மறுபடியும் 'நாம' வந்துவிடும். தனியாக இருந்து பழகிவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். பழகவில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் இது என் வீடு என்று தோன்றுகிறது. அதுவும் பொய்யில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஞாயிறு தவறாமல் அழைப்பவன் இன்று அழைக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மதியம் வாசல் மணி அடித்தது. இங்கே யாரும் மணி அடிப்பதில்லை. மிட்ஸி பின்பக்கமாக வருவாள், தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன்.

ஹார்லன். முடி வெட்டாமல், கொஞ்சம் இளைத்து. ஒரு கையில் பெட்டி, அதைக் கீழே வைக்கவில்லை. எடுத்துப் போன குளிர்கோட்டுகளில் ஒன்றைப் போட்டிருந்தான், வியர்த்து வழிந்தது. பின்னால் வண்டியில் டெல்பர்ட் உட்கார்ந்திருந்தார், ஜன்னல் வழியாக முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி.

"சாவி உங்கிட்ட இருக்குல்ல" என்றேன்.

"இருக்கு." பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "ஏப்ரல் வரைக்கும். அவனும். ஃபோன்ல கேட்டா முடியாதுன்னு சொல்ல உனக்குக் கஷ்டமா இருக்கும், அதான் நேர்ல வந்தேன். முடியாதுன்னா பரவால்ல, ஓட்டல்ல ரூம் பாத்து வெச்சிருக்கேன். கேக்கலாமா?"

"கேளு."

"நாங்க வரலாமா?"

அவன் நிற்பதைப் பார்த்தேன். வண்டியில் இருந்தவரைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளே திரும்பி, யாருக்கு எந்த அறை என்று உண்மையாகவே யோசித்தேன். அவன் காத்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகுதான், "வா" என்றேன்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வெளியே எட்டி மணியை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தான்.

"நம்ம வீட்டு மணி இப்படியா அடிக்கும்?" என்றான்.